உச்சிக் குழாயின் இரண்டாவது படம்

மெட்டியைக் கழற்றுவதற்குத் தேங்காய் எண்ணெயைவிடப் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீர்தான் நல்லது. அனுபவத்தில் சொல்கிறேன். புதுக்கோட்டையில் நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில், எம்.ஆர்.ஐ. அறை வாசலில் ஒரு ஸ்டூலும் ஒரு சின்ன வாளியும் பழைய துண்டும் எப்போதும் இருக்கும். காந்தம் இருக்கிற அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. மெட்டி, மூக்குத்தி, கொலுசு, ஹேர்பின், ஊக்கு எல்லாம் வெளியேதான். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னால்தான் தகராறு வரும். அதற்காகவே என் மேஜை டிராயரில் மஞ்சள் கயிற்றுக் கண்டும் விரலி மஞ்சளும் வைத்திருந்தேன். புருஷன் கூட வந்திருந்தால் அவர் கையால் அதைக் கட்டச் சொல்லிவிட்டு, அப்புறம் சங்கிலியைக் கழற்றச் சொல்வேன். அழுதுகொண்டு வந்த எத்தனையோ பெண்கள் அதற்குப் பிறகு நிம்மதியாகப் போய்ப் படுத்திருக்கிறார்கள். இதை எனக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை, நானாக யோசித்துச் செய்தது. இப்போது ஊரில் மற்ற சென்டர்களிலும் செய்கிறார்கள். யார் ஆரம்பித்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

மேடம், நேற்று நீங்கள் வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடந்ததை உள்ளபடி எழுதித் தரச் சொன்னீர்கள். அதற்கு முன்னால் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தேன். 'கவனக்குறைவால்' என்று ஒரு வார்த்தை இருந்தது. நான் இதை எழுத ஒப்புக்கொண்டதே அந்த வார்த்தைக்காகத்தான். என்னை வேறு என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். கவனக்குறைவான ஆள் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்கு அது பொறுக்காது.

என் பெயர் குணசேகரன். வயது நாற்பத்து நாலு. எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். எங்கள் வேலையைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பிடிக்காது. பேஷண்டை உள்ளே தள்ளிவிட்டுப் பட்டனை அமுக்குகிறவன் என்று நினைப்பு. எங்கள் அப்பாவே கடைசி வரைக்கும் 'பெரியவன் போட்டோ ஸ்டுடியோ மாதிரி ஒரு எடத்துல இருக்கான்' என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர்கள் எழுதி அனுப்பும் சீட்டைப் பார்த்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். 'தலை' என்று மட்டும் எழுதியிருக்கும். தலையில் என்ன, எதற்கு, எந்தப் பக்கம், ஒன்றும் இருக்காது. அதை நானே பேஷண்டைக் கேட்டு, பழைய படத்தைப் பார்த்து, என்ன வேண்டும் என்று முடிவு செய்து எடுப்பேன். நல்ல படம் வந்தால் டாக்டர் கெட்டிக்காரர். படம் சரியில்லை என்றால் டெக்னீஷியன் சரியில்லை.

கேட்காமலே சொல்லிப் பார்த்தவன்தான் நான். எட்டு வருடத்துக்கு முன்னால் ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு மீன் ஏலக்காரர் முதுகு வலியென்று வந்தார். படத்தை நான்தான் எடுத்தேன். மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்தால், பழுதான எலும்பை ஒன்று தள்ளி எண்ணி எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் நடந்தால் நல்ல எலும்பைத் திறப்பார்கள். மனசு கேட்காமல் சர்ஜனுக்கே போன் போட்டுச் சொன்னேன். அவர் 'சரி' என்று வைத்துவிட்டார். அடுத்த அரை மணி நேரத்தில் எங்கள் மேனேஜர் சரவணக்குமார் என்னை ரிசப்ஷனில், வந்திருக்கிற ஜனங்கள் முன்னால் நிற்க வைத்துப் பேசினார்.

"ஒங்க வேலை என்னங்க? படம் எடுக்கிறது. டாக்டருக்குப் போன் போட்டு க்ளாஸ் எடுக்கிறதுக்கா ஒங்களுக்குச் சம்பளம்? இனிமே யாராச்சும் கேட்டா மட்டும் வாயத் தொறங்க."

எலும்பைத் திரும்ப எண்ணிப் பார்த்துச் சரியாக ஆபரேஷன் செய்தார்கள். ஏலக்காரர் நன்றாக எழுந்து நடந்தார். ஐஸ் பெட்டியில் வஞ்சிரம் கொண்டு வந்து சர்ஜனுக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு ஒரு மெமோ வந்தது. கேட்டால் மட்டும் வாயைத் திற என்று சொன்னார்கள். அன்றிலிருந்து அதை எழுத்து பிசகாமல் கடைப்பிடித்தேன். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று நானும் இந்த மூன்று நாளாக யோசித்துப் பார்க்கிறேன்.

இனி அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா கலைமதி என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்தோம். மச்சான் ரத்தினவேலுக்குப் பூந்தோட்டம், கடைவீதியில் பூக்கடை. நான் டிப்ளமோ படித்த இரண்டு வருடமும் அவர்கள் வீட்டில் தங்கித்தான் பஸ் ஏறிப் போய் வந்தேன். விடிகாலையில் மல்லிகை பறிக்கப் போவதற்கு முன்னால் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டி வைத்துவிட்டுப் போவாள். எனக்கு அவள் மேல் எந்த வருத்தமும் இல்லை. இதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வருத்தம் என்றால் மச்சானின் நடைமுறையில்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் மகள் வைஷ்ணவிக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். தாய்மாமனுக்கு முதல் பத்திரிகை, வெற்றிலை பாக்குத் தட்டோடு புருஷனும் பெண்டாட்டியும் நேரில் வந்து வைக்க வேண்டும். பட்டிக்காட்டில் ஆடு மேய்க்கிறவனுக்கும் இது தெரியும். மச்சான் போனில் கூப்பிட்டார்.

"ஒனக்கெல்லாம் பத்திரிகை வச்சுத்தான் கூப்புடணுமா மாப்ள? நம்ம வீட்டு ஆளு நீயி. வாட்ஸ்அப்ல போட்டுருக்கேன் பாரு."

போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மைக்கில் தாய்மாமனைத் தேடினார்கள். அக்கா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடி வந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேடையில் நிறுத்தினாள். "இங்கிட்டு வந்து ஒக்காந்திருக்கான் பாரு, கோவக்காரப் பய" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டால் முறை ஆகிவிடுமா? நான் மாலையைப் போட்டுவிட்டு இறங்கி வந்து சாப்பிடாமல் பஸ் ஏறினேன். யாரும் கவனிக்கவில்லை.

போன வருடம் ஐப்பசியில் அக்காவுக்கு இடது காலில் செருப்பு நிற்காமல் போனது. நடந்துகொண்டே இருப்பாள், செருப்பு பத்தடி பின்னால் கிடக்கும், அவளுக்குத் தெரியாது. தோட்டத்துச் சேறு வழுக்குகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். தை மாதம் பூக்கடையில் உட்கார்ந்திருந்தவளுக்கு வலிப்பு வந்தது. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேயே, படம் துலக்கமாகத் தெரிவதற்கான மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு மேல், மண்டை ஓட்டை ஒட்டி எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. புற்று இல்லை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். இவ்வளவும் நடந்து நாலு நாள் கழித்து எனக்குச் சொன்னார்கள். அதையும் வைஷ்ணவிதான் சொன்னாள்.

கட்டி இருந்த இடத்தைப் பற்றி உங்களுக்குப் புரிய வேண்டும். தலையில் வகிடு எடுக்கிறோம் இல்லையா, அதற்கு நேர் கீழே, நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் ஒரு பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது, உச்சிக் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையில் பயன்பட்டு முடிந்த ரத்தம் அதில் வடிந்துதான் கீழே இறங்க வேண்டும். வயலுக்கு வடிகால் மாதிரி. வடிகாலை அடைத்தால் வயல் என்ன ஆகுமோ அதுதான் மூளைக்கும் ஆகும். அக்காவின் கட்டி அந்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. இப்படி இருந்தால் சர்ஜனுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். கட்டி நெருக்கிக் குழாய் ஏற்கெனவே முழுதாக அடைபட்டுவிட்டதா, இல்லை இன்னும் திறந்திருக்கிறதா? அடைபட்டிருந்தால் ரத்தம் வேறு பாதையில் போகப் பழகியிருக்கும். கட்டியோடு சேர்த்துக் குழாயையும் வெட்டி எடுத்துவிடலாம். திறந்திருந்தால் அதில் கத்தி படக் கூடாது. ஒட்டியிருக்கிற பகுதியை அப்படியே விட்டுவிட்டு, மிச்சக் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

முதலில் எடுத்த ஸ்கேனில் கட்டி தெளிவாக இருந்தது, குழாய் தெளிவாக இல்லை. மருந்து ஏற்றியதில் அக்காவுக்கு உடம்பெல்லாம் தடித்து வாந்தி வந்துவிட்டதால் இரண்டாவது தடவை ஏற்றப் பயந்தார்கள். மருந்து இல்லாமல் ரத்தக் குழாய்களை மட்டும் படம் எடுத்து வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார் சர்ஜன். எங்கள் ஜனங்கள் அதற்கு 'நரம்புப் படம்' என்பார்கள். அது நரம்பே இல்லை என்று ஆயிரம் தடவை சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் சென்டருக்கு வந்தார்கள். நான் இருப்பதற்காக வரவில்லை, பக்கத்தில் இருப்பதால் வந்தார்கள். ரிசப்ஷனில் டோக்கன் போட்டு, மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சானோடு அவர் தம்பி மகள் சிவரஞ்சனியும் வந்திருந்தாள். எம்.பி.பி.எஸ். இரண்டாவது வருடம் படிக்கிற பிள்ளை. பழைய ஸ்கேன் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மச்சானுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். பிலிமைத் திருப்பிப் பிடித்திருந்தாள். வலது பக்கம் இருந்த கட்டியை இடது பக்கம் என்று காட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன், கேட்காததால் சொல்லவில்லை.

"என்ன மாப்ள, நீதான் எடுக்கிறியா?" என்றார் மச்சான். "நல்லதாப் போச்சு. சட்டுனு எடுத்து விடு. மத்ததெல்லாம் நம்ம சிவரஞ்சனி பாத்துக்கும்."

"சிடியில போட்டுக் குடுங்க மாமா, எங்க சார்கிட்டயும் காட்டணும்" என்றாள் அவள்.

அக்காவை உள்ளே படுக்க வைத்தேன். காதில் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூட்டை மாட்டி, கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, பயமாக இருந்தால் அமுக்கச் சொன்னேன். அவள் அமுக்கவே இல்லை.

இந்தப் படத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மருந்து இல்லாமல் எடுக்கும்போது, ஓடுகிற ரத்தத்தை மட்டும்தான் மெஷின் வெள்ளையாகக் காட்டும். தலையைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பது போலத்தான் மெஷின் படம் எடுக்கிறது. ரத்தம் அந்தத் துண்டைக் குறுக்கே கடந்து போனால் பளிச்சென்று தெரியும். துண்டின் போக்கிலேயே கூடவே ஓடினால் மெஷினுக்குத் தெரியாமல் மங்கிவிடும். ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். படத்தில் மட்டும் குழாய் அறுந்து கிடக்கிற மாதிரி தெரியும். உச்சிக் குழாயில் இது நிச்சயம் நடக்கும். ஆகவே உச்சிக் குழாய்க்குத் துண்டுகளைக் குறுக்குவாட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். பாதிப் பேருக்குத் தெரியாது.

முதலில் படுக்கைவாட்டில் எடுத்தேன். எங்கள் சென்டரின் வழக்கம் அது. எதிர்பார்த்தபடியே கட்டி இருக்கும் இடத்தில் இரண்டு விரற்கடை நீளத்துக்குக் குழாயைக் காணவில்லை. பிறகு நானாக, யாரும் சொல்லாமல், துண்டுகளைக் குறுக்காக நிறுத்தி இரண்டாவது படம் எடுத்தேன். கூடுதலாக ஏழு நிமிடம். கவனக்குறைவான ஆள் இதைச் செய்வானா மேடம்? அக்கா மூச்சு விடுவதுகூடத் தெரியாமல் படுத்திருந்தாள். படம் வந்தது. கட்டிக்குப் பக்கத்தில் குழாய் நெருக்குண்டு நூல் மாதிரி மெலிந்திருந்தது, ஆனால் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு இடத்திலும் அறாமல் ஓடியது. பக்கத்திலிருந்து இரண்டு சின்னக் குழாய்கள் அதில் வந்து சேர்வதுகூடத் தெரிந்தது. என் சர்வீசில் நான் எடுத்த படங்களிலேயே அதுதான் சிறந்தது என்பேன்.

எழுந்து வெளியே போனேன். சொல்லத்தான் போனேன். இதை நீங்கள் சந்தேகப்பட வேண்டாம். 'குழாய் திறந்திருக்கு மச்சான், டாக்டர்கிட்ட அவசியம் சொல்லுங்க' என்று வாயில் வார்த்தை தயாராக இருந்தது.

"முடிஞ்சிருச்சா மாப்ள?" என்றார் மச்சான். "ஒரு டீ சொல்லேன். பிள்ளை காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. அப்படியே ரெண்டு வடையும் சொல்லிரு."

டீ சொன்னேன். வடையும் சொன்னேன். திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்து, ரிப்போர்ட் எழுதும் டாக்டருக்கு முதல் படத்தை மட்டும் அனுப்பினேன். இரண்டாவது படத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு மெஷினிலிருந்து அழித்தேன். கோபத்தில் செய்யவில்லை. நிதானமாக யோசித்துத்தான் செய்தேன். முதல் படத்தைப் பார்க்கிற எந்த டாக்டருக்கும், இது நிஜ அடைப்பா, படத்தின் கோளாறா என்று சந்தேகம் வர வேண்டும். வந்தால் எடுத்தவனைக் கேட்க வேண்டும். கேட்டால் அடுத்த நிமிடம் கொடுத்திருப்பேன். ஒரே ஒரு தடவை, முறையாக, 'குணசேகரன், நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். இது பெரிய ஆசையா?

ரிப்போர்ட் எழுதுகிறவர் கோயம்புத்தூரில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு அறுபது பேர் படம் பார்க்கிறவர். சாயங்காலமே எழுதி அனுப்பிவிட்டார். உச்சிக் குழாய் கட்டியால் முழுவதும் அடைபட்டுள்ளது. படித்தபோது எனக்கு மிகவும் ஏமாற்றமாக இருந்தது.

அதன் பிறகு ஆபரேஷனுக்குப் பதினொரு நாள் இருந்தது. அந்தப் பதினொரு நாளும் என் போனை நான் சைலண்டில் போடவில்லை. எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன் கொண்டு போகக் கூடாது. அதனால் ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் போனை ரிசப்ஷனில் இருந்த முனியாயி அக்காவிடம் கொடுத்து, தஞ்சாவூரிலிருந்து அழைப்பு வந்தால் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடச் சொன்னேன். "யாருங்க தம்பி, பொண்ணு வீட்டுக்காரவுகளா?" என்று அவள் கேலி பண்ணினாள். ஒரு தடவை தட்டினாள். ஓடி வந்து எடுத்தால் யாரோ ஒருவன் லோன் வேண்டுமா என்று கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அந்தப் பதினொரு நாளில் நான் பட்ட பாட்டை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரமங்கலம் போனேன். மச்சான் சந்தோஷமாக இருந்தார். குழாய் அடைத்திருப்பது ஒரு வகையில் நல்லதுதான், துணிந்து முழுக்கட்டியையும் எடுத்துவிடலாம், திரும்ப வளராது என்று சர்ஜன் சொன்னாராம். சிவரஞ்சனி ஒரு நோட்டில் மண்டையை வரைந்து, எங்கே வெட்டுவார்கள் என்று கோடு போட்டுக் காட்டினாள். கோடு சரியாகக் குழாயின் மேல் போனது. அக்கா எனக்கு அயிரை மீன் குழம்பு வைத்தாள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆபரேஷன் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுத் தஞ்சாவூர் போனேன். பென்டிரைவைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். ஆமாம், வைத்திருந்தேன். தியேட்டர் வாசலில் மச்சானுக்கு அடுத்த நாற்காலியில் ஏழு மணி நேரத்துக்கு மேல் அதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சர்ஜன் உள்ளே போகிற வரைக்கும் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஒன்பதரைக்கு அவர் என்னைக் கடந்துதான் போனார். நான் எழுந்து வணக்கம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் பக்கத்தில் போன ஜூனியர் டாக்டர் கையில் எங்கள் சென்டர் கவர் இருந்தது. அதன் மேல் எங்கள் போன் நம்பர் பெரிதாக அச்சடித்திருக்கிறது.

மண்டை ஓட்டைத் திறப்பதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கட்டியைச் சுற்றிப் பிரித்துக் குழாய்ப் பக்கம் வருவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம். ஆக மதியம் ஒரு மணி வரைக்கும் நேரம் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டரைக்குக்கூட நம்பிக்கையாக இருந்தேன். ஒன்றேகாலுக்கு மேல் பார்ப்பதை விட்டுவிட்டு, மச்சானைக் கூட்டிக்கொண்டு போய் கேன்டீனில் தயிர் சாதம் வாங்கிக் கொடுத்தேன். அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

மூன்றரைக்குச் சர்ஜன் வெளியே வந்து, கட்டியை முழுதாக எடுத்துவிட்டோம், அடைபட்டிருந்த குழாயையும் சேர்த்து எடுத்தாகிவிட்டது என்றார். மச்சான் அவர் காலில் விழுந்தார். அன்று சாயங்காலமே அக்காவின் மூளை வீங்க ஆரம்பித்தது. வடிகால் இல்லை, வீங்கத்தானே செய்யும். திரும்பத் திறந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை எட்டேகாலுக்குப் போய்விட்டாள். ஆயிரத்தில் ஒருத்தருக்கு இப்படி ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஆயிரத்தில் ஒருத்தர் என்று கணக்குச் சொல்கிறவர்களுக்கு ஒரு போன் செய்யத் தெரியவில்லை.

கீரமங்கலத்தில் அக்காவை எடுத்தபோது எல்லாம் முறைப்படி நடந்தது. கல்யாணம் கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிதான் முதலில் விழ வேண்டும். நான் புதுப்புடவையும் மாலையும் எடுத்துக்கொண்டு தெரு முனையில் கொட்டுக்காரர்களோடு நின்றேன். மச்சானே நடந்து வந்து, இரண்டு கையையும் நீட்டி, "வா மாப்ள, ஒங்கக்காளுக்கு நீ போட்டாத்தான் மத்தவுகளுக்கு" என்று கூட்டிப் போனார். கூட்டம் விலகி வழி விட்டது. அவ்வளவு துக்கத்திலும், அது மனதுக்கு ஆறுதலாக இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

பதினாறாம் நாள் கருமாதியில்தான் விஷயம் வெளியே வந்தது. நானாகத்தான் வெளியே கொண்டு வந்தேன். சாப்பாடு முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தோம். வீட்டு ஆட்கள் ஆளுக்கொரு மருத்துவம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் சர்க்கரை என்றார், ஒருத்தர் மயக்க மருந்து என்றார். சிவரஞ்சனி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாமா, நானும் எங்க சார்கிட்ட கேட்டேன். அடைச்ச கொழாய எடுத்தா இப்படி வீங்காதுங்கிறாரு. நீங்கதானே படம் எடுத்தீங்க. நீங்க என்ன மாமா நெனைக்கிறீங்க?"

இதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. மரியாதையாக, எதிரில் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துக் கேட்டாள். நான் அவளுடைய லேப்டாப்பை எடுத்து வரச் சொல்லி, பென்டிரைவைப் போட்டு, குழாய் எங்கிருந்து எங்கே போகிறது, எங்கே மெலிகிறது, முதல் படத்தில் ஏன் தெரியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். பந்தலில் இருந்த அத்தனை பேரும் சுற்றி நின்று கேட்டார்கள். நான் அவ்வளவு நன்றாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

சிவரஞ்சனி படத்தின் மூலையில் விரலை வைத்தாள். அங்கே தேதியும் நேரமும் இருக்கும்.

"இது அன்னைக்கே எடுத்ததா மாமா? மொத படம் எடுத்து பத்து நிமிசத்துலயா?"

"ஆமா."

மச்சான் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "இது ஒங்கிட்டயா இருந்துச்சு மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

"இருந்துச்சு மச்சான். நீங்க கேக்கலயே."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வைஷ்ணவிதான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்தாள். நான் ஓடவில்லை. நீங்கள் வருகிற வரைக்கும் அதே நாற்காலியில்தான் இருந்தேன்.

ஆகவே நடந்தது இதுதான். உச்சிக் குழாய் திறந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை அறுத்தால் அக்கா பிழைக்க மாட்டாள் என்பதும் தெரியும். தெரிந்துதான் சரியான படத்தை எடுத்து வைத்துக்கொண்டு தப்பான படத்தை அனுப்பினேன். கவனக்குறைவு என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நேற்று நீங்கள், "ஏங்க, இத்தன நாள்ல ஒருத்தர்கூடவா ஒங்களக் கேக்கல?" என்றீர்கள். இல்லை என்று பதில் சொன்னேன். ராத்திரி யோசித்தபோது அது முழுப் பதில் இல்லை என்று தோன்றியது. எழுதிக் கொடுப்பது முழுதாக இருக்க வேண்டும்.

ஆபரேஷன் அன்று காலை ஏழே முக்காலுக்கு அக்காவைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்தார்கள். தலையை மழித்திருந்தார்கள். மச்சான் ஏதோ கையெழுத்துப் போடக் கவுண்டருக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான் இருந்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லி அக்கா என் கையைப் பிடித்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை.

"குணா, நீ எடுத்த படந்தானேடா? ஆயிரம் டாக்டர் சொல்லட்டும், எனக்கு நீ சொன்னாத்தான். எல்லாஞ் சரியா இருக்கா? நான் உள்ள போவட்டுமா?"

போய் வா அக்கா, என்றேன். பேஷண்டிடம் ரிசல்ட்டைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் சென்டரின் விதி. அதை நான் ஒரு நாளும் மீறியதில்லை.